பழைய கார் ட்ரெய்லர் வாங்கியாயிற்று: காரை ஏற்றும் முன் எதில் கை வைப்பது?

கேள்வி இது: டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர், 18 அடி நீளம், இரண்டு ஆக்சில், மரத்தளம் போட்ட பழைய பிளாட்பெட் ட்ரெய்லர் ஒன்றைத் தனியாள் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். இழுக்கப் போவது ஃபோர்டு எஃப்-150 பிக்கப். இன்ஜின் போன ஹோண்டா அக்கார்டு ஒன்றை ஹூஸ்டனிலிருந்து டல்லாஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அதன்பிறகு மைத்துனரின் நான்கு கதவு பிக்கப்பையும் இதிலேயே ஏற்றலாமா என்கிறார். "பெயிண்ட் அடித்து, லைட்டெல்லாம் மாற்றி, காரைக் கட்ட நான்கு டி-ரிங் வளையம் வெல்டு செய்தால் போதும்தானே?"

போதாது. உங்கள் பணமும் நேரமும் முதலில் போக வேண்டிய இடம் டயர், பேரிங், பிரேக். டி-ரிங் அதற்குப் பிறகு. பெயிண்டை இப்போது தொடவே வேண்டாம். பழைய இரும்புச் சட்டத்தில் (ஃபிரேமில்) வெல்டிங் விட்டுப்போன இடத்தில் துரு கோடாக வழிந்து நிற்கும். விரிசலைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான். அதன்மேல் கறுப்புப் பெயிண்டை அடித்துவிட்டால் உங்களுக்கும் தெரியாது, உங்களிடம் வாங்குபவருக்கும் தெரியாது.

முதலில், இந்த ட்ரெய்லர் எவ்வளவு தாங்கும்? முன்பக்கம், பிக்கப்போடு இணையும் ஏ வடிவ நாக்குக்கு அருகில் சட்டத்தில் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். 18 அடி இரட்டை ஆக்சில் கார் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவை ஆக்சிலுக்கு 3,500 பவுண்டு வீதம் மொத்தம் 7,000 பவுண்டு. அதாவது ஏறக்குறைய 3,175 கிலோ. இது ட்ரெய்லரின் சொந்த எடையும் சேர்த்துத்தான். இந்த அளவு ட்ரெய்லரே காலியாக 2,000 பவுண்டை ஒட்டி இருக்கும். மீதி 5,000. அதிலும் ராம்ப், காரை இழுத்தேற்றும் வின்ச், ஸ்டெப்னி, கருவிப்பெட்டி எல்லாம் கழிய வேண்டும். தகட்டில் 7,000 என்று இருந்தாலும், நான்கு டயரும் சேர்ந்து 6,500தான் தாங்கும் என்றால் உங்கள் ட்ரெய்லர் 6,500 பவுண்டு ட்ரெய்லர்தான். டயர், ஆக்சில், நாக்கின் நுனியிலிருக்கும் கப்ளர், அது உட்காரும் ஹிட்ச் பால், பிக்கப்பின் பின்னால் அந்தப் பாலைத் தாங்கும் ரிசீவர், பிக்கப் ஆகிய அனைத்திலும் எது குறைவோ அதுதான் கணக்கு.

தகட்டில் இருக்கும் வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) டைட்டில் என்ற உரிமைக் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். டெக்சாஸில் மொத்த எடை 4,000 பவுண்டைத் தாண்டும் ட்ரெய்லருக்கு டைட்டில் கட்டாயம். அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால், மற்ற வேலையெல்லாம் தொடங்குவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். திருட்டு ட்ரெய்லர்கள் கை மாறுவது அங்கே சாதாரணம்.

டயருக்கு வருவோம். ட்ரெட் ஆழமாக இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். வெயிலில் மாதக்கணக்கில் நிற்கும், ரப்பர் காயும், உள்ளே பெல்ட் பிரியும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதைத் தாண்டிய டயரில் நான் கார் ஏற்ற மாட்டேன், பார்க்கப் புதிதுபோல இருந்தாலும். சில டயர்களில் இந்த எண் உள்பக்கச் சுவரில்தான் இருக்கும், குனிந்து பாருங்கள். எஸ்டி (ST) என்று தொடங்கும் ட்ரெய்லர் டயராகவே வாங்குங்கள். கார் டயரின் பக்கச் சுவர் இந்த வேலைக்கு மெலிவு. இந்த ட்ரெய்லர்களில் அதிகம் வரும் அளவு எஸ்டி 205/75 ஆர்15. சுமை தாங்கும் வகையான லோடு ரேஞ்ச் சி என்றால் 50 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயருக்கு 1,820 பவுண்டு, நான்குக்கும் 7,280. கணக்குக்குச் சரி, ஆனால் கையிருப்பு அதிகமில்லை. லோடு ரேஞ்ச் டி என்றால் 65 பிஎஸ்ஐயில் 2,150. விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, ரிம் 65 பிஎஸ்ஐக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டு டி வாங்குங்கள். பக்கச் சுவரில் போட்டிருக்கும் முழுக் காற்றையும், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். காற்றுக் குறைந்த ட்ரெய்லர் டயர் நெடுஞ்சாலையில் சூடேறி வெடிக்கும். இரண்டு ஆக்சில் இருப்பதால் ஒன்று போனதும் பக்கத்து டயர்மேல் சுமை ஏறி, அதுவும் பின்னாலேயே போகும். ஸ்டெப்னி ஒன்று கட்டாயம். கூடவே, பிக்கப்பில் இருக்கும் வீல் ஸ்பேனர் ட்ரெய்லர் நட்டுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்.

பழைய டயரைக் கழற்றிப் போடும் முன் அது தேய்ந்த விதத்தைப் படியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு தேயாமல் இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. ஒரு பக்கத்து உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அல்லது கோணலாக மாட்டியிருக்கலாம். கப்ளரின் நடுவிலிருந்து முன் ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலம் வித்தியாசம் வந்தாலே புது டயரும் அதே மாதிரி தின்னப்படும்.

அடுத்தது பேரிங். விற்றவர் "போன மாதம்தான் கிரீஸ் வைத்தேன்" என்று சொல்லியிருப்பார். நம்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, திறந்து பாருங்கள் என்கிறேன். பல ஆக்சில்களில், சக்கரம் மாட்டும் ஹப்பின் நடுவில் ரப்பர் மூடியும் அதன் பின்னால் கிரீஸ் நிப்பிளும் இருக்கும். கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்து, சக்கரத்தைச் சுற்றாமல் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளுகிறார்கள். அந்த அழுத்தத்தில் பின்பக்க சீல் வழியாக கிரீஸ் பிதுங்கி பிரேக் டிரம்முக்குள் போய்விடும். இப்படி ஒரு ட்ரெய்லரின் டிரம்மை நான் இழுத்தபோது, லைனிங் முழுக்கக் கறுத்து, தேன்போல ஒழுகிக்கொண்டு இருந்தது. வெளியே பார்த்தால் நல்ல பராமரிப்பு. பிரேக் மட்டும் அந்தச் சக்கரத்தில் அறவே இல்லை. கிரீஸ் குடித்த லைனிங்கைக் கழுவித் திரும்பப் போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே நான்கு சக்கரத்தையும் கழற்றுங்கள். கீழே ஜாக்கி மட்டும் நம்பி உட்கார வேண்டாம், சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். பேரிங்கை மண்ணெண்ணெயிலோ பார்ட்ஸ் கிளீனரிலோ கழுவி, வெளிச்சத்தில் ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டது. புள்ளிப் புள்ளியாகக் குழி இருந்தால் தண்ணீர் புகுந்தது. இரண்டில் எதுவானாலும் பேரிங்கை மட்டும் மாற்றாமல், ஹப்பில் இறங்கியிருக்கும் வெளி ரேஸையும் (பேரிங் உட்காரும் வளையம்) தட்டி எடுத்து ஜோடியாக மாற்ற வேண்டும். 3,500 பவுண்டு ஆக்சில்களில் பெரும்பாலும் உள் பேரிங் எல்68149, வெளி பேரிங் எல்44649; எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். சீல் எப்போதும் புதியது.

நட்டை இறுக்குவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்குங்கள், பேரிங் சரியாக உட்காரும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுதும் தளர்த்துங்கள். இப்போது விரலால் மட்டும் இறுக்கி, நட்டு சுழலாமல் பூட்டும் காட்டர் பின் துளைக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்திப் பின் போடுங்கள். ஸ்பேனரால் இறுக்கி விட்டுவிட்டால் ஹூஸ்டன் எல்லை தாண்டும் முன்னே ஹப் புகையும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் அளந்து இறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு. சக்கரம் கழற்றி மாட்டியபிறகு 10, 25, 50 மைல்களில் நிறுத்தித் திரும்ப இறுக்க வேண்டும். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை, புது ரிம் அமர்வதில் நட்டு நிஜமாகவே தளரும்.

டிரம் திறந்திருக்கும்போதே பிரேக்கையும் முடித்துவிடுங்கள். டெக்சாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் வேண்டும் என்பது சட்டம். பல மாநிலங்களில் வரம்பு 3,000 பவுண்டிலேயே தொடங்குகிறது. பழைய 7,000 பவுண்டு ட்ரெய்லர்களில் ஒரு ஆக்சிலுக்கு மட்டுமே பிரேக் இருப்பது சகஜம். அடுத்த ஆக்சிலில் நான்கு துளை உள்ள பிளேட் வெல்டு செய்திருந்தால், அதிலும் பிரேக் மாட்டுங்கள். 10 அங்குல எலெக்ட்ரிக் பிரேக் ஷூ, மேக்னட், ஸ்பிரிங் எல்லாம் கோத்த முழு செட்டாகவே கிடைக்கிறது, நான்கு போல்ட்டில் முடிந்துவிடும். இடது, வலது வேறு வேறு, மாற்றி மாட்டக்கூடாது. அந்த ஆக்சிலில் இப்போது இருப்பது வெறும் ஹப் என்றால், அதற்குப் பதில் பிரேக் டிரம்மும் வாங்க வேண்டும்.

பழையதே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். ஒவ்வொரு மேக்னட்டும் 3 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். முடிவில்லாத எண் காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுருள் ஷார்ட். மேக்னட்டின் முகம் ஒரே சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு பின்பக்கத் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, ஷூ டிரம்மைப் பிடித்து நிறுத்தும்வரை விரித்து, அப்புறம் லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

எஃப்-150க்குள், ட்ரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா? ஏழு பின் சாக்கெட் இருப்பதால் கன்ட்ரோலர் இருப்பதாகப் பொருளில்லை. இல்லையென்றால், வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ற அளவில் பிரேக் கொடுக்கும் வகை ஒன்றை வாங்குங்கள். நேரத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் மலிவு வகை வேண்டாம். காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தெரிய வேண்டும், சக்கரம் லாக் ஆகி வழுக்கக்கூடாது. அந்த இடத்தில் அளவை நிறுத்துங்கள். காரை ஏற்றியபின் மறுபடி சரிசெய்யுங்கள்.

பிரேக்அவே பெட்டியையும் மறக்காதீர்கள். ட்ரெய்லர் கழன்றுபோனால் சிறு பேட்டரி ஒன்று அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் ஏற்பாடு அது. வணிக வண்டிகளுக்கான கூட்டரசு விதி, அந்தப் பிடி 15 நிமிடமாவது நிற்க வேண்டும் என்கிறது. உங்களுக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ட்ரெய்லரில் அந்தப் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். ட்ரெய்லரை ஜாக்கியில் தூக்கி, பின்னை இழுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றக்கூடாது. அந்தக் கேபிளைப் பிக்கப்பின் சட்டத்தில் அல்லது ரிசீவரில் தனியாக மாட்டுங்கள். ஹிட்ச் பால் இருக்கும் கம்பியில் சுற்றினால், அந்தக் கம்பியே கழன்றுவரும்போது கேபிளும் கூடவே போய்விடும்.

லைட் எரியாத பழைய ட்ரெய்லரில் பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி எர்த் ஒயர்தான். சட்டத்தையே எர்த்தாக நம்பாமல், வெள்ளை ஒயரை ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக இழுத்துவிடுங்கள். எல்இடிக்கு மாற்றுவதும் நல்லதே. லைட் பற்றி இவ்வளவு போதும்.

கப்ளரில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2 அங்குல பாலும் 2-5/16 அங்குல பாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பெரிய கப்ளரைச் சின்ன பாலின்மேல் இறக்கினால் உட்காரும், லாச்சும் மூடும், தெருமுனைவரை நன்றாகவே வரும். முதல் பெரிய மேட்டில் எகிறிவிடும். கப்ளரின் மேல் பொறித்திருக்கும் அளவும் பாலின் தலையில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். லாச் போட்டபின், நாக்கில் இருக்கும் ஜாக்கியைச் சுற்றி மேலே தூக்குங்கள்; பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் கப்ளர் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள், அரை நிமிட வேலை. சேஃப்டி செயின் இரண்டையும் நாக்கின் கீழே குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் நாக்கு தரையில் குத்தாமல் தாங்கும்.

சட்டத்தை ஒரு டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். நாக்கு சட்டத்தோடு சேரும் வெல்டிங், பட்டை ஸ்பிரிங் தொங்கும் ஹேங்கர்கள், இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவிலிருக்கும் ஈக்வலைசர் ஆகியவைதான் முதலில் விடும் இடங்கள். ஈக்வலைசர் போல்ட்டைக் கழற்றினால், பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து போல்ட் பாதி அறுபட்டிருப்பதைப் பல நேரம் பார்க்கலாம். பித்தளை புஷ்ஷும் கிரீஸ் போடும் போல்ட்டும் சேர்ந்த செட் கிடைக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஹேங்கரில் விரிசல் இருந்தால் தகுதியான வெல்டரிடம் கொடுங்கள். சுமை தாங்கும் வெல்டிங்கில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மரப்பலகையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், முக்கியமாகக் குறுக்குச் சட்டத்தின்மேல் உட்காரும் இடத்திலும் பலகை நுனியிலும். உள்ளே இறங்கினால் அந்தப் பலகை வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, சக்கரம் ஓடும் இரண்டு பாதையும் உறுதியாக இருந்தால் அக்கார்டுக்குப் போதும்.

டி-ரிங் நான்கும் குறுக்குச் சட்டத்திலோ பக்கச் சட்டத்திலோ இருக்க வேண்டும். பலகையில் மட்டும் திருகிய டி-ரிங், பலகையோடு பிடுங்கிக்கொண்டு வரும். வாங்கும்போது வேலைச் சுமை வரம்பைப் பாருங்கள். உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் அறுபடும் எடை, வேலைச் சுமை அதில் மூன்றில் ஒன்று. சாதாரண 2 அங்குல ராட்செட் ஸ்ட்ராப் 10,000 பவுண்டில் அறுபடும், 3,333 பவுண்டுதான் அதற்கு வேலைச் சுமை. வணிக வண்டிகளுக்கான கூட்டரசு விதி, காரை முன்னாலும் பின்னாலுமாகக் குறைந்தது இரண்டு கட்டால் பிடிக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு சக்கரத்தையும் டயருக்கு மேலாகச் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப்பையே நான் பரிந்துரைப்பேன். காரின் பாடியை இழுத்துக் கட்டினால், மேடு பள்ளத்தில் காரின் ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ராப் தளர்ந்து, கொக்கி நழுவ வழியிருக்கிறது. சக்கரத்தைக் கட்டினால் கார் தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், கட்டு தளராது. டை ராடு, ஸ்வே பார், பிரேக் பைப் போகும் இடம் ஆகியவற்றில் கொக்கி மாட்டவே கூடாது. வின்ச் கயிற்றைக் கட்டாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அக்கார்டில் இன்ஜின் ஓடாததால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாக இருக்கும். வின்ச்சில் இழுக்கும்போது ஒருவர் கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்து, நிற்கும் இடமெல்லாம் பின்னால் கட்டை போடட்டும். கேபிளின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. பிக்கப்பில் மாட்டாமல் ட்ரெய்லரில் காரை ஏற்றவே ஏற்றாதீர்கள். மாட்டியிருந்தாலும், முன் சக்கரம் வால் பகுதியில் ஏறும்போது நாக்கு மேலே எழும்பி பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கும். பின் சக்கரம் தரையில் அழுந்தவில்லை என்றால் பார்க்கிங் பிரேக் எதைப் பிடிக்கும்? ட்ரெய்லரின் வாலுக்குக் கீழே கனமான மரக்கட்டைகளை முதலில் அடுக்கிவிட்டு ஏற்றுங்கள், பிக்கப்பின் முன் சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் ட்ரெய்லர் ஆடுமா ஆடாதா என்பதைத் தீர்மானிக்கும். மொத்த ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின்மேல் உட்கார வேண்டும். அக்கார்டு முன் சக்கர ஓட்டம், இன்ஜின் பக்கம்தான் கனம், ஆகவே முன்முகமாக ஏற்றுங்கள். ட்ரெய்லர் 2,000, கார் 3,300, மற்றவை 100 என்று வைத்தால் 5,400 பவுண்டு. ஹிட்ச்சில் 540 முதல் 810 வரை வரும். இப்போது எஃப்-150இன் ரிசீவரில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பல மாடல்களில், சுமையை மற்ற ஆக்சில்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இல்லாமல் 5,000 பவுண்டும், ஹிட்ச்சில் 500 பவுண்டும்தான் வரம்பு. விளம்பரத்தில் சொல்லும் பெரிய எண்ணெல்லாம் அந்த ஹிட்ச்சோடு சேர்த்துத்தான். உங்கள் ஸ்டிக்கரும் அப்படித்தான் சொன்னால், அந்த ஹிட்ச் வாங்காமல் இந்தப் பயணம் கூடாது. எடையை ஊகிக்க வேண்டியதில்லை: நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT) என்ற எடை மேடை இருக்கிறது. ட்ரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஒரு முறை நிறுத்துங்கள். பிக்கப்பின் இரண்டு ஆக்சில்களிலும் கூடிய எடைதான் ஹிட்ச் எடை. டிஸ்ட்ரிபியூஷன் பார்களைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

வழியில்: முதல் 50 மைலுக்குள் நிறுத்தி ஸ்ட்ராப்பை மறுபடி இறுக்குங்கள், ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதென்றால் அங்கேயே விஷயம் இருக்கிறது. இன்டர்ஸ்டேட் 45இல் எல்லோரும் 75இல் பறப்பார்கள். உங்கள் டயரில் வேக எழுத்து போடவில்லையென்றால் அது 65க்கு மேல் போகச் செய்ததில்லை. ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். நேராகிவிடும். பிறகு ஓரம் நிறுத்தி, காரைச் சற்று முன்னால் நகர்த்திக் கட்டுங்கள்.

மைத்துனரின் பிக்கப் விஷயம்: நான்கு கதவு முழு அளவுப் பிக்கப்புகள் பல 5,000 பவுண்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். உங்களுக்கு மீதமிருப்பதே 5,000க்குக் கீழ். இந்த ட்ரெய்லரில் வேண்டாம். டயரையும் ஸ்பிரிங்கையும் கனமாக மாற்றினாலும் ஆக்சில் 3,500தான், தகடும் 7,000தான். அந்த ஒரு தடவைக்கு 5,200 பவுண்டு ஆக்சில் இரண்டு போட்ட 10,000 பவுண்டு ட்ரெய்லரை வாடகைக்கு எடுங்கள். எடுக்கும் முன் எஃப்-150இன் கதவுச் சட்டத்தில் இருக்கும் பேலோடு எண்ணையும் (பிக்கப் தாங்கும் சுமை) ரிசீவர் ஸ்டிக்கரையும் ஒரு முறை சரிபாருங்கள். ட்ரெய்லரும் பிக்கப்பும் சேர்ந்து 8,000 பவுண்டுக்கு நெருங்கும், ஹிட்ச்சில் 800க்கு மேல் உட்காரும். அந்த எண்கள் இடம் கொடுக்கவில்லையென்றால் டோ டிரக்கை அழையுங்கள்.